மடக்காத இலை

அன்று அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். டாக்டர் திரவியம். ஸ்கேன் மெஷினை ஓட்டும் பீர் முகமது. நோயாளி ஆவுடைத்தாய். அவள் கணவன் மாடக்கண்ணு. சாப்பாட்டுக் கூடத்தை நடத்தும் இசக்கி. கணினிகளைக் கவனிக்கும் குத்தாலிங்கம். நாகர்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஹெப்சிபா டீச்சர்.

மதியம் சாப்பிட வந்தவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர்.

டீச்சர் தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அதற்குள் குத்தாலிங்கம் கேட்டுவிட்டான்.

"டீச்சர், மீதியே இல்லாமப் பண்ண என்ன வழி?"

"எதுல மீதி?"

"மெமரியில. டிஸ்க்குக்குப் போகாம நிக்கிற பக்கங்க. எப்பப் பாத்தாலும் கொஞ்சம் நிக்கி. பூச்சியத்துக்கு வரவே மாட்டேங்கு."

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நேத்து தூங்கினீங்களா?"

"இல்ல."

"குடிக்கத் தண்ணி இருக்கா?"

அவன் கொண்டுவந்து கொடுத்தான்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. டீச்சருக்கு முப்பத்து நாலு. கணினியின் அடிமடியில் இருந்துகொண்டு எல்லா வேலையையும் நடத்துகிற கெர்னல் என்பதைப் பற்றி அவர் ஒருமுறை வகுப்பெடுத்தார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குத்தாலிங்கம் போகவில்லை. அன்றிலிருந்து அவர் குரு, இவன் சீடன்.

இப்போது அவனுக்கு வந்திருந்த கஷ்டம் இது.

ஸ்கேன் மெஷின் இனாமாக வந்த பழைய மெஷின். அதோடு வந்த கணினி செத்துப்போனது. குத்தாலிங்கம் வேறொரு கணினியைப் பொருத்தி ஓடவைத்தான். மெஷினிலிருந்து படங்கள் அடைமழைபோலக் கொட்டும். அவை நேரே டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் மெமரியில் பக்கம் பக்கமாக நிற்கும். அப்படி எழுதப்படாமல் நிற்கும் பக்கத்தை அந்தத் தொழிலில் அழுக்குப் பக்கம் என்பார்கள். அதை எடுத்து டிஸ்க்கில் எழுதுவது கெர்னலின் பொறுப்பு. எப்போது எடுப்பது, எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிப்பதும் அதுதான்.

அந்தத் தீர்மானத்தில்தான் கோளாறு.

ஆவுடைத்தாய்க்கு ஈரலில் ஒரு கட்டி. அது எந்த ரத்தக்குழாயைத் தொடுகிறது என்று பார்க்காமல் டாக்டர் கத்தி எடுக்க மாட்டார். முதல் முறை ஸ்கேன் எடுக்கும்போது கணினி பாதியில் நின்றது. படங்கள் போயின. இரண்டாம் முறையும் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்று டாக்டர் திரவியம் சொல்லியிருந்தார். "அதுவும் நின்னா மதுரைக்கு அனுப்பிருவேன். அந்த உடம்புல இதுக்கு மேல எக்ஸ்ரே கதிரை ஏத்த மாட்டேன்."

மதுரையில் நாள் கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும். கட்டி அதுவரை சும்மா இருக்குமா என்று மாடக்கண்ணு கேட்டான்.

அந்த ஒரே ஒரு தடவை இன்று மாலை.

டீச்சர் செம்பைக் கீழே வைத்தார்.

"முதல் தடவை கெர்னலை என்ன செய்யச் சொல்லியிருந்தீங்க?"

"நல்லா நிறையட்டும்னு விட்டேன். மொத்தமா எழுதினா வேலை மிச்சம்னு நெனச்சேன். நிறைஞ்சதும் அது கதவை அடைச்சுட்டு. உள்ள இருக்கதை எழுதி முடிக்கிற வரைக்கும் புதுசா ஒரு படத்தை உள்ள விடல. மெஷின் ஒரு கண்ணிமைப்பு பொறுக்கும். அவ்வளவு நேரம் பொறுக்குமா?"

"ரெண்டாவது?"

"அதுக்கு நேர் எதிரா மாத்தினேன். ஒரு பக்கம் அழுக்கான உடனே எடுத்து எழுது, மீதி வைக்காதேன்னு."

"அதுவும் நின்னுதா?"

"அதுவும் நின்னுட்டு. அது எதுக்கு நின்னுதுன்னுதான் புரியல."

அவன் மடிக்கணினியைத் திறந்து, கெர்னலில் தான் மாற்றிய வரிகளைக் காட்டினான்.

டீச்சர் அதை மூடினார்.

"பசிக்குது. சாப்பாடு எங்க?"

*

நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாடு உண்டு. வாழை இலைச் சாப்பாடு. ஒரு பந்திக்கு முப்பத்தாறு இலை.

அங்கே எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்கும் வழக்கம் கிடையாது. யாருக்கு எப்போது வார்டிலிருந்து கூப்பாடு வரும் என்று சொல்ல முடியாது. முடித்தவர் இலையை மடக்கிவிட்டு எழுந்து போகலாம்.

கூடத்து வாசலில் இசக்கி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எலை எடுக்கிறவன் இன்னைக்கு வரல டீச்சர். நானும் பரிமாறுற பையனுவளும்தான். இடம் கெடைக்க நேரமாகும், கோச்சுக்கிடாதீங்க."

டீச்சர் சுவரோரம் கிடந்த வாளியை எடுத்தார். குத்தாலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"இவர் எடுப்பார்."

"நானா?"

"நீங்கதான்."

"டீச்சர், சாயங்காலம் ஸ்கேன்."

"தெரியும்."

சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் வரிசையில் நின்றுகொண்டார்.

குத்தாலிங்கம் வாளியைப் பார்த்தான். இந்த அம்மாளை வரவழைக்க மூன்று தடவை போன் செய்திருக்கிறான். வந்ததும் வாளியைத் தூக்கிக் கொடுக்கிறார்.

இருந்தாலும் குரு சொன்னது. வாளியோடு சுவரோரம் நின்றான்.

எல்லோரும் எழுந்திருக்கட்டும், மொத்தமாக எடுத்துவிடலாம் என்று காத்திருந்தான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். மடக்கிய இலைகள் நிறைந்தன. உட்கார இடமில்லை என்று இசக்கி கதவைச் சாத்தினார். வெளியே கூட்டம் கதவை இடித்தது.

"உள்ள என்னய்யா பண்ணுதீக? எங்க வீட்டு ஆளுக்கு ஊசி போடுற நேரமாச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

கடைசி ஆள் எழுந்ததும் குத்தாலிங்கம் பாய்ந்தான். யார் முதலில் எழுந்தாரோ அவர் இலையை முதலில் எடுத்தான். அது தெற்கு மூலையில் இருந்தது. அடுத்து எழுந்தவர் இலை வடக்கு மூலையில். அதற்கடுத்தது மறுபடி தெற்கில்.

இசக்கி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யோவ் கம்ப்யூட்டரு! என்னத்துக்கு வே நண்டு மாதிரி இங்கயும் அங்கயும் ஓடுதீரு?"

"எந்திரிச்ச வரிசையில எடுக்கேன்."

"எந்திரிச்சுப் போனவன் திரும்பி வந்து கேக்கப் போறானா, என் எலைய ஏன் முதல்ல எடுக்கலன்னு? கெடக்கிற வரிசையில அள்ளும்வே!"

கதவிடுக்கு வழியாகக் குத்தாலிங்கம் வெளியே பார்த்தான். நெரிசலின் நடுவில் டீச்சர் நின்றிருந்தார். அவர் காலை யாரோ மிதித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார்.

"இது நான் முதல்ல பண்ணினது, டீச்சர்."

"ம்," என்றார் அவர்.

*

இரண்டாம் பந்தியில் டீச்சர் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்.

இந்த முறை குத்தாலிங்கம் உஷாராக இருந்தான். ஒரு இலைகூடத் தேங்கக் கூடாது. கழுகுபோல வரிசைகளுக்கு நடுவே நடந்தான். எவர் கை நிற்கிறதோ அவர் முன்னால் போய் நின்றான். சாப்பிடுகிறவர்கள் அவனைப் பார்த்துப் பார்த்து அவசரமாக விழுங்கினார்கள்.

தலைப்பாகைக்காரர் ரசம்சோறை முடித்து இலையை வழித்துத் துடைத்தார். ஒரு பருக்கை இல்லை. கழுவிப் போட்ட இலை மாதிரி இருந்தது. அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்த நேரத்தில் குத்தாலிங்கம் குனிந்து இலையை உருவிவிட்டான்.

"வே! வே! எலைய எங்க கொண்டு போறீரு?"

"முடிச்சிட்டீங்களே, ஐயா?"

"யாரு சொன்னா? மோரு வரலவே இன்னும்!"

மோர் வந்துவிட்டது. இசக்கிதான் தூக்குவாளியோடு வந்தார். கரண்டியில் மோரை மொண்டு, குனிந்து, அப்படியே நின்றுவிட்டார்.

"எலை எங்க? எதுல ஊத்த? உம்ம தலையிலயா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

இசக்கிக்குப் பின்னால் ஊறுகாய்ப் பையன் நின்றான். அவனுக்குப் பின்னால் சோற்றுக்கூடையோடு ஒருவன் நின்றான். அவனால் தாண்ட முடியவில்லை. அடுத்த வரிசையில் ஒருவர், "இங்க சோறு!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

குத்தாலிங்கம் பதறிப்போய் இலையை மறுபடி விரித்தான்.

"வாளிக்குள்ள போட்டதைத் திரும்ப என் முன்னால போடுதீரா? நல்லா இருக்கே உங்க ஊரு மரியாதை!"

"புது எலை ஒண்ணு கொண்டாங்கடா!" என்று இசக்கி சத்தம் போட்டார். "மடக்காத எலையில கை வைக்கக் கூடாதுன்னு இவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

"காலியா இருந்துச்சு…"

"காலியா இருந்தா? அவரு இன்னும் உக்காந்திருக்காரா இல்லியா?"

புது இலை வரவேண்டும். தண்ணீர் தெளிக்கவேண்டும். அதுவரை கரண்டி அந்தரத்தில் நின்றது. நுனியிலிருந்து மோர் சொட்டியது.

குத்தாலிங்கம் அந்தக் கரண்டியையே பார்த்தான்.

"ஊத்த வந்தவர் நிக்காரு," என்றான்.

"நிக்காம பின்ன? எலை உம்ம கையில இல்லா இருக்கு!"

"அவர் நின்னதுல பின்னால வர்றவங்களும் நிக்காங்க."

"இவருக்கு என்னமோ ஆயிட்டு டீச்சர்," என்றார் இசக்கி.

குத்தாலிங்கம் வாளியைக் கீழே வைத்தான். டீச்சர் பக்கம் திரும்பினான்.

"அட்டவணை, டீச்சர்! படம் ஒவ்வொண்ணு வரும்போதும் அது எங்க இருக்குன்னு ஒரே ஒரு பக்கத்துலதான் குறிக்குது. அந்தப் பக்கம் எப்பவும் அழுக்காத்தான் இருக்கும். நான் அதை விடாம உருவி உருவி எழுத அனுப்பியிருக்கேன். எழுதி முடிக்கிற வரைக்கும் அதுல குறிக்க முடியாது. குறிக்க முடியாம…"

அவன் இசக்கியின் கரண்டியைக் கையால் காட்டினான்.

டீச்சர் சோற்றில் குழி பறித்து மோருக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"நான் இப்பவே போய் மாத்திடுதேன்!"

"பந்தி முடியல அண்ணாச்சி."

*

வெளியே இன்னும் நாற்பத்தாறு பேர் நின்றார்கள். மாடக்கண்ணுவும் அங்கே நின்றான். ஆனால் சாப்பிட வரிசையில் நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் அறை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் அவனாகவே உள்ளே வந்தான். இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டான்.

"சும்மா நிக்க முடியலண்ணே. நான் அந்தக் கோடியிலேர்ந்து வாரேன்."

குத்தாலிங்கம் ஒரு கணம் அவனைப் பார்த்தான். டிஸ்க்குக்கு ஒரே வாய்தான் என்பதுபோல இத்தனை நாளும் கெர்னலை ஒரே கையால் எழுதவைத்திருந்தான். தான் வாங்கிப்போட்ட புது டிஸ்க் ஒரே நேரத்தில் பல கைகளிலிருந்து வாங்கும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

இருவரும் இரண்டு கோடியிலிருந்து தொடங்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் கிடந்த மடக்கிய இலைகளை நாலும் ஐந்துமாக அடுக்கி எடுத்தார்கள். இசக்கி இந்த முறை கதவைச் சாத்தவில்லை. குறுக்கே கையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரு வாங்க… பொறுங்க… இப்ப மூணு பேரு," என்று விட்டுக்கொண்டிருந்தார். வெளியே கூச்சல் அடங்கியது.

தலைப்பாகைக்காரர் மோரையும் முடித்துவிட்டு வெறும் இலையை முன்னால் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். குத்தாலிங்கம் அவரைத் தாண்டிப் போனான்.

"இப்ப எடுத்துக்கிடலாம்வே," என்று அவர் கூப்பிட்டார்.

"மடக்குங்க ஐயா, வாரேன்."

டீச்சர் தன் இலையை மடக்கினார். எழுந்து கை கழுவப் போனார்.

*

கெர்னலை மாற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. குத்தாலிங்கம் எழுதினான். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். கொஞ்சம் சேர்ந்ததுமே எடுக்கத் தொடங்கு. சற்று முன்னால் தொட்ட பக்கத்தில் கை வைக்காதே. அடுத்தடுத்து இருப்பவற்றைச் சேர்த்து எடு. இரண்டு கையால் எடு. கூட்டம் ஏறினால் வருகிறவனைக் கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்படுத்து, கதவைச் சாத்தாதே.

டீச்சரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"இது என்ன?"

"அப்பப்ப எல்லாத்தையும் ஒரே அடியா எழுதி முடின்னு ஒரு கட்டளை. ஒரு பயத்துக்கு வச்சிருக்கேன்."

"யாருக்குப் பயம்?"

"எனக்குத்தான்."

"கெர்னலுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"கரண்ட் போயிட்டா, டீச்சர்?"

டீச்சர் மேசைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைக் காலால் தட்டினார். அதன் மேல் குத்தாலிங்கத்தின் டிபன் பாக்ஸ் இருந்தது. அது மட்டும் ஆடியது.

அவன் அந்த வரியை அழித்தான்.

முதலில், சோதித்துப் பார்ப்பதற்கென்றே தண்ணீர் அடைத்து வைத்திருந்த உருளையை மேசையில் கிடத்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. மறுபடியும் எடுத்தார்கள். நிற்கவில்லை.

"தண்ணிக்கு நல்லாத்தான் வருது," என்றார் பீர் முகமது. "ஆனா தண்ணிக்கு ஈரல் கிடையாதே."

*

ஆவுடைத்தாயைக் கொண்டுவந்தார்கள்.

"இன்னைக்காவது எடுத்து முடிப்பீங்களா? இல்ல, ஸ்கேனுக்குப் போட்டுவிடுற இந்த வெள்ளச் சட்டையை எனக்கே தச்சுக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே படுத்தாள். குரல் கேலியாக இருந்தது. கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

டாக்டர் திரவியம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க அக்கா," என்றார் பீர் முகமது.

மெஷின் சுழன்றது.

திரையின் மூலையில் அழுக்குப் பக்கங்களின் எண்ணிக்கை ஓடியது. ஏறியது. ஏறி ஏறி, முதல் முறை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. குத்தாலிங்கத்தின் கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. அங்கே தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எண்ணிக்கை சற்றே தயங்கியது.

பிறகு இறங்கியது. கொஞ்சம் ஏறியது. மறுபடி இறங்கியது. தூங்குகிறவர் வயிறு ஏறி இறங்குவது மாதிரி இருந்தது.

மெஷின் ஓய்ந்தது.

பீர் முகமது படங்களை எண்ணிப் பார்த்தார். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

"வந்துட்டு டாக்டர். ஒண்ணு விடாம எல்லாமே வந்துட்டு."

உள்ளேயிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. ஆவுடைத்தாய் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஐயோ!" பீர் முகமது மைக்கில் பாய்ந்தார். "மூச்ச விடலாம்க்கா! விடலாம்!"

அவள் ஊதிய ஊதல் இந்தப் பக்கம்வரை கேட்டது.

"நல்ல ஆளுவப்பா! ஈரலைப் பாக்கேன்னு சொல்லி உசுரை எடுத்துருவீக போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு படங்களைப் பார்க்க உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றது. ஒரு படத்தில் நிறுத்தினார். முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்தார்.

மாடக்கண்ணு கதவோரம் நின்றான்.

"குழாயைத் தொடல," என்றார் டாக்டர். "ஓரமா ஒதுங்கி நிக்கி. வெட்டி எடுத்துரலாம். வியாழக்கிழமை வச்சுக்கிடுவோம்."

மாடக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அண்ணே, சாப்பாடு தீந்திருக்குமா?"

"வா," என்றார் பீர் முகமது. "இசக்கி எடுத்து வச்சிருப்பாரு."

டாக்டர் அதே கணினியில் ஆபரேஷன் குறிப்பை எழுத ஆரம்பித்தார். இரண்டே விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். ஒரு வார்த்தை அடித்து, அழித்து, மறுபடி அடித்தார்.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அண்ணாச்சி, மீதி இருக்கா?"

குத்தாலிங்கம் திரையின் மூலையில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தான். பிறகு டாக்டரின் விரல்களைப் பார்த்தான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"இருக்கு டீச்சர்," என்றான். "பதினொண்ணு."